வார்டில் வதந்தி பரவினால் பொறுப்பில் இருப்பவர் என்ன செய்யலாம்?

கேள்வி: பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றில் வார்டு பொறுப்புச் செவிலியராக இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் இரண்டு பேர் டேப்போடு வந்து வார்டையும் வராந்தாவையும் அளந்துவிட்டுப் போனார்கள். அன்று மாலையே, வார்டை மூடப் போகிறார்கள், ஒப்பந்தத்தில் இருப்பவர்களை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. எனக்கே எதுவும் தெரியாது. இதற்கிடையில், இளம் செவிலியர் ஒருவர் தவறான மருந்து கொடுத்துவிட்டார், அதை மூடி மறைக்கிறார்கள் என்று இன்னொரு பேச்சு. அந்தப் பெண் இப்போது தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். ஒருமுறை நானும், “அப்படித்தான் கேள்விப்பட்டேன்” என்று சொல்லிவிட்டேன். எல்லோரையும் கூப்பிட்டுக் கண்டித்தால் சரியாகுமா?

பதில்: கண்டிக்க வேண்டாம். கண்டித்தால் பேச்சு நிற்காது, அது உங்கள் காதுக்கு வருவதுதான் நிற்கும். அப்புறம் வார்டில் என்ன ஓடுகிறது என்று கடைசியாகத் தெரிந்துகொள்ளும் ஆள் நீங்களாகிவிடுவீர்கள்.

உங்கள் கடிதத்தில் இருப்பவை இரண்டு வதந்திகள். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பலிக்காது. வார்டை மூடுவார்களா என்பது ஊழியர்களின் பயம். அதற்கு எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணைப் பற்றிய பேச்சோ ஒருவரைக் காயப்படுத்துகிற பேச்சு. அதை எல்லோர் முன்னாலும் எடுத்தால் காயம்தான் பெரிதாகும். போர்க்கால அமெரிக்காவில் 1942இல் திரட்டப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட வதந்திகளை ராபர்ட் நாப் என்ற உளவியலாளர் ஆசையில் பிறந்தவை, பயத்தில் பிறந்தவை, பகை மூட்டுபவை என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பகை மூட்டுகிற வகை. நெருக்கடியான காலத்தில் மனிதர்கள் பயத்தை மட்டும் பேசுவதில்லை, பழி போட ஓர் ஆளையும் தேடுகிறார்கள். உங்கள் வார்டில் இரண்டு பேச்சும் ஒரே சமயத்தில் கிளம்பியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் வார்டு விஷயம். கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1947இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். விஷயம் கேட்பவருக்கு எவ்வளவு முக்கியம், அது எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறது, இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வதந்தியின் வலு. பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் வதந்தியே இல்லை. வேலை இருக்குமா போகுமா என்பதன் முக்கியத்தை உங்களால் குறைக்க முடியாது. தெளிவின்மையைக் குறைக்கலாம். டேப்போடு வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்று அன்றைக்கே யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு பிறந்திருக்காது. ஆல்போர்ட்டும் போஸ்ட்மனும் இன்னொன்றும் கண்டார்கள். ஒரு செய்தி ஐந்தாறு வாய் மாறுவதற்குள் அதன் விவரங்களில் சுமார் 70 சதவீதம் உதிர்ந்துவிடுகிறது, மிஞ்சுவது கூர்மையாகிறது. “அளந்தார்கள், ஏன் என்று தெரியவில்லை” என்பதில் ‘தெரியவில்லை’ தான் முதலில் உதிரும்.

பல்கலைக்கழக மருத்துவமனையில் இது இன்னும் வேகமாக நடக்கும். கல்லூரி நிர்வாகம் ஒரு பக்கம், மருத்துவமனை நிர்வாகம் ஒரு பக்கம். ஒரு பக்கம் எடுத்த முடிவு மறுபக்கத்துக்கு அரைகுறையாகத்தான் வந்து சேரும். பயிற்சி மருத்துவர்கள் துறை விட்டுத் துறை மாறும்போது பேச்சும் அவர்களோடு மாறிப் போகிறது. ஒப்பந்த ஊழியர்களின் நிறுவனமே வேறாக இருக்கலாம். அவர்களுக்கு யார் பதில் சொல்வது என்பதே பலருக்குத் தெரியாது.

ஆகவே நர்சிங் சூப்பரிண்டெண்டுக்கு மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள். அளந்தது எதற்காக? வார்டு குறித்து ஏதாவது முடிவு ஆகியிருக்கிறதா? ஆகவில்லை என்றால் எந்தத் தேதிக்குள் தெரியும்? “ஊழியர்கள் கவலையில் இருக்கிறார்கள்” என்று பொதுவாக எழுதினால் “கவனிக்கிறோம்” என்று பொதுவாகத்தான் பதில் வரும்.

பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். காலையில் இரவு டூட்டிக்காரர்கள் பொறுப்பை ஒப்படைக்கும் நேரத்தில் பேசுங்கள். பகல் 11 மணிக்குக் கூட்டம் போட்டால் இரவு வேலை பார்த்தவர் தூக்கத்தில் இருப்பார். இரவில், மேலதிகாரி யாரும் இல்லாத நேரத்தில், டியூட்டி மேசையைச் சுற்றித்தான் வதந்தி நன்றாக வளர்கிறது. நோயாளிகளின் விவரம் எல்லாம் சொல்லி முடித்து, சாவிக்கொத்து கைமாறிய பிறகு, ஒரு நிமிடம் எல்லோரையும் நிறுத்தி இப்படிச் சொல்லலாம்: “நம் வார்டை வந்து அளந்தார்கள். ஏன் என்று எனக்குச் சொல்லப்படவில்லை. வார்டு பற்றி எந்த உத்தரவும் என் கைக்கு வரவில்லை. நேற்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை இதே இடத்தில், பதில் வந்தாலும் வராவிட்டாலும், உங்களிடம் சொல்கிறேன்.” இதையே மதியமும் இரவும் மாறுகிறவர்களிடம் சொல்லுங்கள், வார்த்தை மாறாமல். துப்புரவுப் பணியாளர்களும் வார்டு உதவியாளர்களும் அங்கே நிற்க வேண்டும். வேலை போகும் என்ற பயம் அவர்களுக்குத்தான் அதிகம்.

வெள்ளிக்கிழமை மறக்காமல் வந்து நில்லுங்கள். “இன்னும் பதில் வரவில்லை, மறுபடி கேட்டிருக்கிறேன்” என்பதும் ஒரு செய்திதான். சொன்ன நாளில் வராமல் விட்டால் அந்த மௌனத்துக்கு ஆயிரம் அர்த்தம் கற்பிப்பார்கள்.

ஒருவேளை விஷயம் உண்மையாக இருந்து, வெளியே சொல்லக் கூடாது என்று உங்களிடம் மட்டும் சொன்னால்? அப்போதும் “அப்படி எதுவும் இல்லை” என்று சொல்லிவிடாதீர்கள். “சில விஷயங்களைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, அனுமதி கிடைத்த அன்றே சொல்வேன்” என்று சொல்லலாம். இல்லை என்று நீங்கள் சொன்னது இரண்டு மாதத்தில் பொய் ஆனால், நாளைக்கு நோயாளி பாதுகாப்பு பற்றி நீங்கள் சொல்வதையும் யாரும் நம்ப மாட்டார்கள். இதை நான் மிக அழுத்தமாகவே சொல்கிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் நீண்ட மறுப்பு எழுதாதீர்கள். நான் ஒரு மருத்துவமனையில் பணியாளர் பிரிவில் இருந்தபோது, ஒரு வதந்தியை மறுத்துச் சுற்றறிக்கை தயாரித்தேன். அதில் வதந்தியையே இரண்டு முறை எழுதியிருந்தேன். அதுவரை கேள்விப்படாத இரண்டு துறைகளுக்கு அதை நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். திரும்பத் திரும்பக் கேட்பது உண்மைபோலத் தோன்றும் என்பதை 1977இலேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது. நிஜத்தில் தொடங்குங்கள், வதந்தியை ஒருமுறை மட்டும் தொட்டுவிட்டு நிஜத்திலேயே முடியுங்கள். மூன்று வரி போதும்.

இனி அந்தப் பெண்.

முதலில், சம்பவ அறிக்கை ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று முறைப்படி பாருங்கள். பதிவாகியிருந்தால் அது நோயாளி பாதுகாப்புக் குழுவின் வேலை. பதிவாகவில்லை, ஆனால் ஏதோ நடந்ததாகத் தெரிகிறது என்றால் பதிவு செய்ய வையுங்கள். நோயாளியின் நலன் அதில் இருக்கிறது, பேச்சுக்குப் பயந்து அதை விட முடியாது. ஆனால் நடந்ததா இல்லையா என்று வார்டில் யாரிடமும் உறுதிப்படுத்தவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். யாராவது எடுத்தால், “இதில் ஒருவருடைய பெயரும் ஒரு நோயாளியின் விவரமும் இருக்கிறது. அதை நாம் இங்கே பேச மாட்டோம். உங்களுக்கு ஏதாவது நேரடியாகத் தெரியும் என்றால் எழுதிக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். கடைசி வரி முக்கியம். நேரில் பார்த்தவர் எழுதுவார், கேள்விப்பட்டவர் நிறுத்திக்கொள்வார்.

அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். பேச்சு ஓடுவது உங்களுக்குத் தெரியும் என்று சொல்லுங்கள். யார் சொன்னார்கள் என்று சொல்லாதீர்கள். என்ன செய்தால் அவளுக்கு உதவியாக இருக்கும் என்று கேளுங்கள். ஒரு தவறை நிறைய பொறுப்பாளர்கள் நல்லெண்ணத்தில் செய்கிறார்கள்: அந்த ஊழியரைக் கொஞ்ச நாள் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவது. மாற்றிய மறுநிமிடம் வதந்தி ஊர்ஜிதமாகிவிடும். அவளாகக் கேட்டாலோ விசாரணைக்குத் தேவைப்பட்டாலோ தவிர மாற்ற வேண்டாம். மதியம் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். பொறுப்புச் செவிலியர் பக்கத்தில் இருந்தால் மற்ற நாற்காலிகள் தானாக நிறையும்.

இந்தப் பேச்சின் பெரிய ஆபத்து அவளோடு முடிவதில்லை. மருந்தில் தவறு நேர்ந்தால் பெயர் சந்தி சிரிக்கும் என்று பார்த்துவிட்டவர்கள் நாளைக்குத் தங்கள் தவறைப் பதிவு செய்ய மாட்டார்கள். தவறான அளவை ஏற்றிவிட்டதை உடனே சொன்னால் நோயாளியைக் காப்பாற்றலாம். சொல்லப் பயந்தால் முடியாது.

யார் கிளப்பியது என்று துருவிக்கொண்டு போகாதீர்கள், பெரும்பாலும் ஆள் கிடைக்காது. திரும்பத் திரும்பப் பரப்புகிறவர் யார் என்று தெரிந்தால் அவரிடம் மட்டும், தனியாக, ஒருமுறை சொல்லுங்கள். அதற்கு மேலும் நடந்தால், அல்லது பேச்சு பாலியல் ரீதியாகவோ ஒருவருடைய மதத்தையோ இனத்தையோ இழுத்தோ போனால், அது புகார்க் குழுவுக்குப் போக வேண்டிய விஷயம். தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியம். அது உங்களை உறுத்துவதால்தான் எழுதியிருக்கிறீர்கள். யாரிடம் சொன்னீர்களோ அவரிடமே போய், “அன்றைக்கு நான் கேள்விப்பட்டேன் என்று சொன்னேன். எனக்கு நேரடியாக எதுவும் தெரியாது, சொல்லியிருக்கக் கூடாது” என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்ணிடம் பேச உட்காரும் முன் இதை முடித்துவிட்டால், அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேச முடியும்.