குடிய விட்டு 74 நாள் ஆச்சு, வீட்ல இன்னும் யாரும் நம்பல

மேடம் வணக்கம்,

எனக்கு 36 வயசு. குடிய விட்டு இன்னையோட 74 நாள். டி-அடிக்‌ஷன் சென்டர்ல ஒரு மாசம் இருந்துட்டு வந்தேன், அதுக்கப்புறம் ஒரு சொட்டு தொடல, சத்தியமா. சத்தியமான்னு சொல்லவே இப்பல்லாம் கூச்சமா இருக்கு, குடிச்ச காலத்துல எத்தனை சத்தியம் பண்ணிருக்கேன்னு எனக்கே கணக்கு தெரியாது.

தினமும் வேலை முடிஞ்சு வந்து வாசல்ல ஷூவ கழட்டும்போது என் மனைவி பைய வாங்குற மாதிரி கிட்ட வருவா, வந்து மெதுவா மூச்ச இழுத்துப் பாப்பா. எதுக்குன்னு எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும், ஆனா ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்க மாட்டோம். 8 வயசுல பொண்ணு இருக்கா, என் பைக் சத்தம் கேட்டா இன்னைக்கும் டிவிய ஆஃப் பண்ணிட்டு ரூமுக்குள்ள போயிடுறா.

போன வாரம் ஒரு நாள், மதியம் சாப்பிடக்கூட விடாத வேலை, ரெண்டு நாளா தூக்கமும் இல்ல, வந்து நிக்கிறேன், அவ அதே மாதிரி கிட்ட வந்தா, "ஊதிக் காட்டவா?"ன்னு கத்தி பைய வீசிட்டு வெளிய போயிட்டேன். நேரா ஒரு பாருக்கு எதிர்ல போய் பைக்க நிறுத்திட்டு 20 நிமிஷம் நின்னேன், கை சாவியிலயே இருந்துச்சு. அப்புறம் என்ன தோணுச்சோ திரும்பி வந்துட்டேன். இத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. பழைய ஃப்ரெண்ட்ஸ் வேற போன் பண்ணிட்டே இருக்காங்க, 12 வருஷப் பழக்கம், அவங்கள விட்டா எனக்கு ஆளே இல்ல. நம்பாதவங்களுக்காக எதுக்கு இவ்வளவு கஷ்டப்படணும்னு தோணுது மேடம்.

---

தம்பி, தம்பின்னே கூப்பிடுறேன்.

நீங்க மனைவிய பத்தித்தான் நிறைய எழுதிருக்கீங்க, ஆனா எனக்கு அந்த 20 நிமிஷத்துலதான் கண்ணு நின்னுச்சு. அன்னைக்கு நீங்க சாப்பிடல, தூங்கல, கோபம் வேற, கூட ஒருத்தரும் இல்ல. குடிய விட்டவங்க கூடுற மீட்டிங்ல பசி, கோபம், தனிமை, அசதி இந்த நாலையும் கவனின்னு திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க, உங்களுக்கு நாலும் ஒரே சாயங்காலத்துல வந்திருக்கு. உங்கள பார் வரைக்கும் தள்ளினது உங்க மனைவின்னு நீங்க நினைக்கிறீங்க, எனக்கு அப்படித் தோணல. இனிமே வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி வயித்துக்கு ஏதாவது போட்டுட்டு கிளம்புங்க, சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. தூக்கம் சில மாசம் இப்படித்தான் படுத்தும், மூளை பழைய நிலைக்குத் திரும்ப நேரம் எடுக்கும், அதுக்காக நீங்களா தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீங்க, அதுவே அடுத்த அடிமைத்தனமா ஆயிடும், டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இன்னொண்ணு, குடிக்கணும்ங்கிற வெறி ஏறிக்கிட்டே போகும்னு நாம பயப்படுறோம், ஆனா அது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள உச்சிக்குப் போய் இறங்கிடும். ஆலன் மார்லட்னு ஒரு உளவியலாளர் இத அலைன்னு சொல்லி, எதிர்த்து முட்டாம அது மேலயே மிதந்து போகச் சொல்லிக் கொடுத்தார். என்ன தோணுச்சோ திரும்பி வந்துட்டேன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அதுதான் அலை இறங்கின நேரம். ஆனா பார் வாசல்ல நின்னுக்கிட்டு அலைய தாண்டப் பாக்காதீங்க, அடுத்த தடவ அங்க போகாம போன எடுங்க.

போன்னு ஏன் சொல்றேன்னா, 1935 மே மாசம் பில் வில்சன்னு ஒரு அமெரிக்கர், குடிய விட்டு 5 மாசம்தான் ஆகுது, ஆக்ரன்ங்கிற ஊருக்கு பிசினஸ் விஷயமா போய் அது ஊத்திக்கிச்சு, ஹோட்டல் லாபியில தனியா நிக்கிறார், ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம். அவர் டெலிபோன் பக்கம் போய் சர்ச் நம்பரா பாத்து கூப்பிட்டு, குடியில கஷ்டப்படுற இன்னொரு ஆள்கிட்ட நான் பேசணும்னு கேட்டார். அப்படிக் கிடைச்சவர்தான் டாக்டர் பாப் ஸ்மித், அவங்க ரெண்டு பேரும் ஆரம்பிச்சதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட நினைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா கூடுற அமைப்பு. கவனிங்க, அவர் மனைவிக்குப் பண்ணல, தன்ன மாதிரியே இருக்கிற ஒருத்தர தேடினார். உங்களுக்கும் அப்படி ரெண்டு நம்பர் வேணும், சென்டர்ல கூட இருந்தவர், மீட்டிங்ல பழக்கமானவர், யாரா இருந்தாலும் சரி. இப்போ மனைவி ஒருத்தரே போலீஸ், நர்ஸ், ஜட்ஜ் எல்லாம், ஒரு மனுஷியால அது முடியாது. பில்லோட மனைவி லோயிஸே 1951ல குடும்பத்துக்காரங்களுக்குன்னு அல்-அனான ஆரம்பிச்சாங்க, அந்த மாதிரி ஒரு இடம் இவங்களுக்கும் வேணும், ஆனா போகச் சொல்லி நீங்க அதட்டாதீங்க.

ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டா "நான் குடிக்கிறதில்ல, வரல"ன்னு மட்டும் சொல்லுங்க. காரணம் சொல்லாதீங்க, மாத்திரை சாப்பிடுறேன்னு சொன்னா அந்த மாத்திரை எப்ப முடியும்னு கேட்பாங்க. அந்த 12 வருஷத்துல ஒருத்தராவது பகல்ல, கையில கிளாஸ் இல்லாம உங்ககூட உக்காந்து பேசிருந்தா அவர மட்டும் வச்சுக்கோங்க.

இப்போ வீடு. அவங்க மூச்ச இழுத்துப் பாக்குறது உங்கள அவமானப்படுத்த இல்ல தம்பி, இத்தனை வருஷம் அந்த வாசல்ல எந்த ஆள் வந்து நிக்கிறார்னு கண்டுபிடிக்கிறதுதான் அவங்களுக்கும் பொண்ணுக்கும் பாதுகாப்பா இருந்துச்சு. 74 நாள் உங்களுக்குப் பெருசு, எனக்கும் பெருசு, அவங்க உடம்புக்கு இன்னும் தெரியல. "எப்பதான் நம்புவே"ன்னு கேட்காதீங்க. "சந்தேகமா இருந்தா நேரா கேளு, கோபப்பட மாட்டேன்"னு நீங்களே சொல்லுங்க, கேட்டா ஒரு தடவ பதில் சொல்லிட்டு ஷூவ கழட்டுங்க. பொண்ணுகிட்ட பெரிய வாக்கு எதுவும் குடுக்காதீங்க, 7 மணிக்கு வரேன்னா 7 மணிக்கு வாங்க, அவ ரூமுக்குள்ள போனா போகட்டும், நீங்க ஹால்ல அந்த டிவிய போட்டு சவுண்ட குறைச்சு வச்சுட்டு உக்காருங்க.

என்னைக்காவது தவறி குடிச்சிட்டாலும் எல்லாம் போச்சுன்னு அடுத்த கிளாஸ எடுக்காதீங்க, அன்னைக்கே சொல்லுங்க, அன்னைக்கே டாக்டர பாருங்க.

அந்த 20 நிமிஷத்த மனைவிகிட்ட சொல்லிடுங்க. ராத்திரி தூங்கப் போற நேரத்துல வேண்டாம், சாப்பிட்டு அமைதியா இருக்கிற ஒரு பகல் வேளையில, பார் வரைக்கும் போனேன், குடிக்கல, பயமா இருந்துச்சுன்னு மூணே வார்த்தையா. அழுவாங்க, இல்ல எழுந்து உள்ள போயிடுவாங்க. பின்னாடியே போய் விளக்கம் சொல்லாதீங்க, வண்டி சாவியையும் எடுக்காதீங்க, அவங்க திரும்பி வர்ற வரைக்கும் அங்கயே உக்காந்திருங்க.