இடம் மாற்றிய சர்வரில் ஆரஞ்சு விளக்கு, சில நேரம் மெமரிப் பிழை, சில நேரம் ‘பூட் டிவைஸ் இல்லை’: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியின் சுருக்கம்: இரண்டு சாக்கெட் (சிபியு உட்காரும் இடம்) கொண்ட ரேக் சர்வர். வேறு ரேக்குக்கு மாற்றுவதற்காகக் கழற்றி, சில வாரங்கள் மின்சாரமில்லாமல் வைத்திருந்தது. இப்போது ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை, முன்பக்கம் ஆரஞ்சு விளக்கு. மூன்று தடவைக்கு ஒரு தடவை போஸ்ட் (ஆன் ஆனதும் சர்வர் தன்னையே சோதிக்கும் கட்டம்) தாண்டுகிறது. அப்போதும் பி4 ஸ்லாட்டில் (இரண்டாவது சிபியுவுக்குரிய மெமரி ஸ்லாட்களில் ஒன்று) திருத்த முடியாத மெமரிப் பிழை என்கிறது, அல்லது பூட் டிவைஸ் இல்லை என்கிறது. மதர்போர்டு போய்விட்டதா?

பதில்:

மதர்போர்டின் மேல் சந்தேகம் கடைசியில் வரட்டும். நகர்த்தும்வரை ஒழுங்காக ஓடிய மெஷின், நகர்த்தியபின் தகராறு செய்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு. ஏதாவது ஒரு பாகம் தன் இடத்திலிருந்து இம்மியளவு விலகியிருக்கும். அல்லது காசு போன்ற அந்தச் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும். உங்கள் கேஸில் இரண்டுமே நடந்திருக்கலாம். மெமரிப் பிழை ஒரு கோளாறு, பூட் டிவைஸ் காணாமல் போனது வேறொரு கோளாறு என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே காரணம் தேடினால் மதர்போர்டு மட்டும்தான் கண்ணில் படும்.

மூடியைத் திறப்பதற்கு முன்னால் லாக்கை எடுங்கள். சர்வருக்குள் பிஎம்சி என்று ஒரு குட்டிக் கணினி தனியாக ஓடிக்கொண்டிருக்கும். டெல்லில் அதற்கு ஐடிராக் என்று பெயர், ஹெச்பிஇயில் ஐஎல்ஓ, லெனோவோவில் எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர். பவர் கேபிள் செருகியிருந்தால் போதும், சர்வர் ஆஃப் ஆகியிருந்தாலும் அது விழித்திருக்கும். அதன் நெட்வொர்க் போர்ட்டில் லேப்டாப்பை இணைத்து, பிரவுசரில் உள்ளே போய், சிஸ்டம் ஈவென்ட் லாக்கை முழுதாக இறக்கிச் சேமியுங்கள். சேமித்த பிறகு அழித்தும் விடுங்கள். சில மாடல்களில் லாக் நிரம்பிவிட்டால் புதிய பிழை பதிவாகாது. சர்வர் தடுமாறும், லாக் மட்டும் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும். லாக்கில் தேதி பல வருடம் பின்னால் இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். அந்த விஷயத்துக்குக் கீழே வருகிறேன்.

லாக்கை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். ‘சிபியு ஐஎர்’ (சிபியுவின் உள் பிழை) என்ற வரி சிவப்பாகக் கண்ணைப் பறிக்கும். அதற்கு ஓரிரு நொடி முன்னால் பிசிஐஇ பஸ் (கார்டுகளைச் சிபியுவோடு இணைக்கும் பாதை) பிழையோ மெமரிப் பிழையோ பதிவாகியிருந்தால் கோளாறு அங்கேதான்; சிபியு நடந்ததைப் புகார் செய்திருக்கிறது, அவ்வளவே. இந்த ஒரு வரியை நம்பிப் புது சிபியு வாங்கிப் போட்டு, அதே பிழையை மறுபடி பார்த்தவர்கள் நிறையப் பேர். பிசிஐஇ பிழை என்றால் பஸ், டிவைஸ், ஃபங்ஷன் என மூன்று எண்கள் கூடவே வரும். பிஎம்சியின் ஹார்டுவேர் பட்டியலில் அந்த எண்களை வைத்துத் தேடினால் நெட்வொர்க் கார்டா, ரெய்டு கார்டா (பல டிஸ்குகளைச் சேர்த்து இயக்குவது), ரைசரா (கார்டுகளைத் தாங்கும் இடைப்பலகை) என்று தெரிந்துவிடும்.

அடுத்தது பொறுமை. திரை கறுப்பாக இருப்பதும் சர்வர் செத்திருப்பதும் ஒன்றல்ல. பவர் கேபிளைச் செருகியதும் பிஎம்சி முதலில் தானே பூட் ஆக வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். அதுவரை பவர் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் பல மாடல்கள் கண்டுகொள்ளாது. அதன்பின் மெமரி டிரெய்னிங். ராமைக் கழற்றி மாட்டிய பிறகு வரும் முதல் பூட்டில் ஒவ்வொரு சேனலையும் (ராமுக்கும் சிபியுவுக்கும் இடையிலான பாதை) சர்வர் அளந்து பார்க்கும். ராம் நிறைய இருந்தால், அதுவும் டிடிஆர்5 என்றால், 10 நிமிடம்கூடத் திரை கறுப்பாகவே நிற்கலாம். மூன்றாவது நிமிடத்தில் பட்டனை அழுத்தி அணைத்தால் அடுத்த தடவை டிரெய்னிங் முதலிலிருந்து தொடங்கும். உங்களுடைய ‘மூன்று தடவைக்கு ஒரு தடவை’ கணக்கில் இந்த அவசரமும் கலந்திருக்கலாம். பிஎம்சி பக்கத்தில் விர்ச்சுவல் கன்சோலை (சர்வரின் திரையைப் பிரவுசரில் காட்டுவது) திறந்துவைத்துவிட்டு காத்திருங்கள். மானிட்டரை நம்ப வேண்டாம். சில மாடல்களில் முன்பக்க விஜிஏவில் (மானிட்டர் செருகும் போர்ட்) ஏதாவது செருகியிருந்தால் பின்பக்க விஜிஏ வேலை செய்யாது.

பவர் பக்கம் சீக்கிரம் முடித்துவிடலாம். எல்லா பவர் கேபிள்களையும் உருவுங்கள். பவர் பட்டனை 15 முதல் 20 நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்னூட்டம் இறங்கிவிடும். அரை நிமிடம் கழித்து ஒரே ஒரு பவர் சப்ளையை மட்டும் இணைத்துப் பாருங்கள், பிறகு மற்றதை மட்டும். வாட் அளவு வேறுபடும் இரண்டு பவர் சப்ளைகளைச் சேர்த்துப் போட்டால் பல சர்வர்கள் ஏற்காது. அதிக வாட் பவர் சப்ளைகள் 200 வோல்ட்டுக்கு மேல் கிடைத்தால்தான் முழுத் திறன் தரும். புது ரேக்கில் வரும் வோல்ட்டேஜ் பழையதிலிருந்து வேறுபடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆன் செய்ததும் ஃபேன் ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிட்டால் அது பெரும்பாலும் ஷார்ட். உங்களுக்கு ஃபேன் தொடர்ந்து சுற்றுகிறது, ஆகவே பவர் பெரும்பாலும் நிரபராதி.

இப்போது மூடியைத் திறக்கலாம். கேபிளை உருவிவிட்டு, ஆன்டி ஸ்டேட்டிக் பட்டையைக் கையில் கட்டி, அதன் கிளிப்பைச் சேஸியின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். கழற்றும் ஒவ்வொரு ராமிலும் அது இருந்த ஸ்லாட்டின் பெயரைச் சின்ன டேப்பில் எழுதி ஒட்டுங்கள். ஒரே மாதிரியான 16 ராம் மேசையில் கிடக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். ஹார்டு டிஸ்குகளைக் கழற்ற வேண்டியிருந்தால் அவற்றிலும் பே எண்ணை (அது இருந்த இடத்தின் எண்) எழுதுங்கள்.

கழற்றி மாட்டும் வேலையை மெமரியோடு நிறுத்தாதீர்கள். ரைசர் கார்டு, ரெய்டு கார்டு, பேக்பிளேன் (டிஸ்குகள் செருகும் பலகை) கேபிள்கள், பவர் சப்ளையிலிருந்து போகும் கேபிள்கள் என எல்லாவற்றையும் ஒரு முறை உருவிச் செருகுங்கள். நகர்த்தும்போது குலுங்கினால் முதலில் விலகுவது கனமான கார்டு தாங்கிய ரைசர்தான். ராமைச் செருகும்போது இரு முனையிலும் தாழ்ப்பாள் தானாக ‘கிளிக்’ என்று ஏற வேண்டும். தாழ்ப்பாளைக் கையால் மடக்கிவிட்டு ஏறிவிட்டது என்று நினைப்பது வழக்கமான தவறு. ஒரு முனை மட்டும் தூக்கி நிற்கும். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் ராமின் தங்க விளிம்பு ஒரு பக்கம் மெல்லிய கோடாகத் தெரியும். தெரிந்தால் அது சரியாக உட்காரவில்லை.

இதற்குப் பிறகும் போஸ்ட் தாண்டவில்லை என்றால் மிகக் குறைந்த பாகங்களோடு எழுப்பிப் பாருங்கள்: ஒரு பவர் சப்ளை, முதல் சிபியு, அதற்குரிய ஏ1 ஸ்லாட்டில் ஒரு ராம், கார்டு ஏதுமில்லை, டிஸ்க் ஏதுமில்லை. இரண்டாவது சிபியுவைக் கழற்றினால் ‘பி’ ஸ்லாட்டுகளும் அந்த சிபியுவோடு இணைந்த பிசிஐஇ ஸ்லாட்டுகளும் வேலை செய்யாது. அது கோளாறு அல்ல, பதற வேண்டாம். இந்த நிலையில் எழுந்தால் ஒவ்வொரு பாகமாகச் சேருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றுதான். இரண்டைச் சேர்த்து மாட்டி, மெஷின் நின்றுபோனால் எதனால் என்று சொல்ல வழியே இல்லை.

இனி பி4. இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும்.

ஈசிசி மெமரி (பிழை திருத்தும் வசதியுள்ள சர்வர் ராம்) ஒரு பிட் பிழையைத் தானே திருத்தி, லாக்கில் குறித்துவிட்டு ஓடும். ஒரே வார்த்தையில் இரண்டு பிட் கெட்டால் கண்டுபிடிக்க முடியும், திருத்த முடியாது. தப்பான தரவை டிஸ்கில் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சர்வர் தன்னையே நிறுத்திக்கொள்ளும். இந்த நிறுத்தம் ஒரு பாதுகாப்பு. பயாஸில் (சர்வரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பிழை எச்சரிக்கையை அணைத்துவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பி4 ராமை உடனே தூக்கி எறியவும் வேண்டாம். முதலில் இடம் மாற்றுங்கள்: பி4இல் இருப்பதை ஏ4இல் போடுங்கள், ஏ4இல் இருப்பதை பி4இல் போடுங்கள். லாக்கை அழித்துவிட்டு, பூட் செய்து, ஓடவிடுங்கள். பிழை ஏ4க்குப் போனால் ராம் கெட்டது, மாற்றிவிடுங்கள். எங்கேயும் வரவில்லை என்றால் தொடர்பு சரியாக இல்லாமல் இருந்தது, கழற்றி மாட்டியதிலேயே சரியாகிவிட்டது. பிழை பி4இலேயே நின்றால் ராம் நிரபராதி. ஸ்லாட், சாக்கெட், சிபியு மூன்றில் ஒன்று.

இந்த மூன்றாவது நிலையில்தான் பலர் ‘ஸ்லாட் போச்சு, போர்டு போச்சு’ என்று எழுதிவிடுகிறார்கள். மெமரி கன்ட்ரோலர் போர்டில் இல்லை, சிபியுவுக்குள் இருக்கிறது. அங்கிருந்து பி4க்கு வரும் ஒவ்வொரு கோடும் சாக்கெட்டின் ஒரு பின்னைத் தாண்டித்தான் வருகிறது. எல்ஜிஏ 3647 சாக்கெட் என்றால் பெயரிலேயே இருப்பதுபோல 3647 தொடர்புகள். ஹீட் சிங்க் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்திருந்தால் சில பின்கள் முழுதாகத் தொடாது. ஒரு மெமரி சேனல் மட்டும் தடுமாறும், சில நேரம் அடியோடு காணாமல் போகும். ஹீட் சிங்கோடு சர்வரைத் தூக்கிக் குலுக்கினால் நடக்கக்கூடியதும் இதுதான். ஆகவே இரண்டாவது சிபியுவின் ஹீட் சிங்கைக் கழற்றி, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகத் தடவி, ஹீட் சிங்கின் லேபிளில் போட்டிருக்கும் எண் வரிசைப்படி டார்க் டிரைவரால் (குறித்த அளவு மட்டும் இறுக்கும் ஸ்க்ரூடிரைவர்) இறுக்குங்கள். ஏஎம்டி எப்பிக் சிபியுவின் எஸ்பி3 சாக்கெட்டில் சட்டத்தின் திருகுகளை 1, 2, 3 என்ற வரிசையில்தான் இறுக்க வேண்டும். வரிசை மாறினால் ராம் பாதிதான் தெரிகிறது என்ற புகார் வருவது சகஜம்.

சாக்கெட் திறந்திருக்கும்போது டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பின்களைப் பாருங்கள். எல்லாப் பின்களும் ஒரே திசையில் மின்ன வேண்டும். நடுவில் ஒரு புள்ளி மட்டும் வேறு மாதிரி மின்னினாலோ, கறுப்பாகத் தெரிந்தாலோ அந்தப் பின் வளைந்திருக்கிறது. பின்கள் எல்லாம் நேராக இருந்து பிழையும் நீடித்தால் இரண்டு சிபியுக்களையும் இடம் மாற்றுங்கள். பிழை ஏ4க்குத் தாவினால் சிபியு, பி4இலேயே இருந்தால் போர்டு. இப்போது ‘மதர்போர்டு’ என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்கிறது.

கூடவே ஒன்று. புதிய சர்வர்களில் போஸ்ட் பேக்கேஜ் ரிப்பேர் (மேலே சொன்ன போஸ்ட் சோதனை வேறு, இது வேறு) என்ற வசதி உண்டு. ராம் சிப்பில் கெட்ட வரிசைக்குப் பதிலாக உதிரி வரிசையை அடுத்த பூட்டில் சர்வரே இணைத்துக்கொள்ளும். திருத்தப்பட்ட பிழைகள் வரம்பைத் தாண்டின, ரீபூட் செய்யுங்கள் என்று லாக் சொன்னால், ராமைக் கழற்றாமல், இடம் மாற்றாமல் அதே ஸ்லாட்டில் வைத்து ரீபூட் செய்யுங்கள். பல நேரம் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். புது ராம் வாங்கினால் ஆர்டிம், யூடிம், எல்ஆர்டிம் வகைகளைக் கலக்காதீர்கள். டிடிஆர்4இல் ஆர்டிமும் யூடிமும் ஒரே ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் கலந்தால் சர்வர் எழாது.

பூட் டிவைஸ் பிரச்சினைக்கு வருவோம். பயாஸ் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தால் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. மல்ட்டிமீட்டரில் புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.7க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். பேட்டரியோடு பயாஸ் அமைப்புகளும் போயிருக்கலாம். யூஇஎஃப்ஐயில் (புதிய பூட் முறை) நிறுவிய ஓஎஸ், பூட் மோடு லெகசிக்கு (பழைய முறை) திரும்பியதால் காணாமல் போகும். சாட்டா மோடு (டிஸ்குகளை இயக்கும் முறை) ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாறினாலும் அதேதான். இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கடிகாரத்தையும் சரி செய்யுங்கள். இல்லாவிட்டால் ஓஎஸ் எழுந்த பிறகு வேறு தலைவலி. கெர்பரோஸ் (ஆக்டிவ் டைரக்டரி லாகினைச் சரிபார்க்கும் முறை) வழக்கமான அமைப்பில் 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் ஏற்காது, ஆக்டிவ் டைரக்டரி லாகின் எல்லாம் மறுக்கப்படும்.

கடிகாரம் சரியாக இருக்கிறது என்றால் ரெய்டு கன்ட்ரோலரின் பக்கத்துக்குப் போங்கள். கன்ட்ரோலரே பட்டியலில் இல்லையா? ரைசரும் கார்டும். கன்ட்ரோலர் இருக்கிறது, டிஸ்க் ஒன்றுகூட இல்லையா? பேக்பிளேன் கேபிள் அல்லது அதன் பவர். டிஸ்குகள் இருக்கின்றன, ஆனால் ‘ஃபாரின்’ (வேறு கன்ட்ரோலரிலிருந்து வந்தவை) என்று காட்டுகிறதா? இங்கே கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். ‘இம்போர்ட்’, ‘கிளியர்’ இரண்டும் மெனுவில் அடுத்தடுத்து இருக்கும். கிளியர் கொடுத்தால் அந்த டிஸ்குகளில் இருக்கும் ரெய்டு விவரம் அழிந்துவிடும். இம்போர்ட்தான் வேண்டும், அதுவும் முன்னோட்டத்தைப் பார்த்த பிறகு. ரெய்டு 5இல் (ஒரு டிஸ்க் போனால் மட்டுமே தாங்கும்) இரண்டு டிஸ்க் வெளியேறியிருந்தால் எது முதலில் வெளியேறியது என்று கன்ட்ரோலர் லாக்கில் பாருங்கள். முதலில் போன டிஸ்கில் பழைய தரவு இருக்கும். அதை உள்ளே இழுத்தால் ஃபைல் சிஸ்டம் குழம்பும். பேக்கப் இல்லாத நிலையில் இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால், எதையும் எழுதாமல், ஒவ்வொரு டிஸ்கையும் பிட்டுக்குப் பிட் நகலெடுத்துவிட்டு மேலே போவதே சரி.

எல்லாம் முடிந்து சர்வர் எழுந்ததும் ஃபர்ம்வேர் அப்டேட் செய்யுங்கள். மெமரிப் பிழை இருக்கும்போது செய்யாதீர்கள், பாதியில் நின்றால் போர்டே வீணாகும். பிறகு லாக்கை அழித்து, மெமரியை நிரப்பும் சோதனை ஒன்றை ஓஎஸ்ஸிலிருந்து ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் சோதனையின் முடிவை மட்டும் பார்க்காதீர்கள். ஈசிசி திருத்திய பிழை அந்தச் சோதனைக்குத் தெரியாமலே போகும், பிஎம்சி லாக்கில்தான் இருக்கும். அதன்பின் கேபிளை உருவி, ஹீட் சிங்க் முழுதாகக் குளிரும்வரை விட்டு, மறுபடி ஆன் செய்யுங்கள். தளர்ந்த தொடர்பு சூட்டில் ஒட்டிக்கொண்டு குளிரில் விலகும். குளிர்ந்த நிலையில் இரண்டு தடவை தடங்கலில்லாமல் எழுந்தால் ரேக்கில் ஏற்றலாம்.