காட்டெருமைக்கு எந்தத் தோட்டா?

பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பா காலத்திலிருந்து வீட்டில் லைசென்ஸ் உள்ள ஷாட்கன் இருக்கிறது, செம்பனைத் தோட்டத்தில் பன்றி சுட்டுப் பழக்கம் உண்டு. அடுத்த ஆண்டு நண்பர்களோடு ஜிம்பாப்வேக்குக் காட்டெருமை வேட்டைக்குப் போகிறேன். ரைஃபிளும் தோட்டாவும் முகாமிலேயே வாடகைக்கு. .375ஆ .458ஆ, சாஃப்டா சாலிடா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். நண்பர்கள் 'பெரிசா எடு' என்கிறார்கள். என்ன பதில் போடுவது?"

.375 என்று போடுங்கள் அண்ணே. (இந்த எண்கள் குண்டின் விட்டம், அங்குலக் கணக்கில்.) நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912இல் கொண்டுவந்த தோட்டா இது. 300 கிரெயின் குண்டு நொடிக்கு 770 மீட்டர் போல ஓடும். ஜிம்பாப்வேயில் எருமைக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 9.2 மில்லிமீட்டர் விட்டமும் 5.3 கிலோஜூல் சக்தியும்; .375 இரண்டையும் தாண்டிவிடும். கிரெயின் கணக்கு குழப்பினால் நகைக்கடைக் கணக்கில் சொல்கிறேன்: .375 குண்டு இரண்டரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு, .458இன் 500 கிரெயின் குண்டு நாலு பவுனுக்குக் கொஞ்சம் கூடுதல். நாலு பவுன் நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் அதைத் தள்ளும் உதையை வாங்கப்போவது உங்கள் தோள். பன்னிரண்டு போர் ஷாட்கன் உதையைவிட .375 கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான், பழகிவிடலாம். .458இன் உதை .375ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல். நாலைந்து தடவை சுட்டதும் விசையை இழுக்கும் முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும், அப்படி மூடிச் சுட்ட குண்டு நெஞ்சுக்குப் போகாமல் வயிற்றுக்குப் போகும். வயிற்றில் வாங்கிய எருமையை முள்புதருக்குள் தேடிப் போகிற வேலை யாருக்கும் வேண்டாம்.

பெரிய குண்டு என்றால் கவலையே இல்லை என்பதும் சரியில்லை. .458 வின்செஸ்டர் 1956இல் வந்தபோது சின்னக் கூட்டுக்குள் மருந்தை அமுக்கித் திணித்திருந்தார்கள், நாள்பட அது கட்டிதட்டிப்போய் சில தோட்டாக்கள் சொன்ன வேகத்தில் ஓடவில்லை என்று வேட்டைக்காரர்கள் புலம்பினார்கள். இப்போது அந்தக் குறை தீர்ந்துவிட்டது. ஆனாலும் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து நம்பக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். நாம் பேச்சில் எல்லாவற்றையும் தோட்டா என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் எருமையைச் சாய்ப்பது முன்னால் உட்கார்ந்திருக்கும் குண்டு, அது எப்படிச் செய்யப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாஃப்ட் என்றால் மூக்கில் ஈயம் தெரியும், உள்ளே போனதும் காளான் மாதிரி விரிந்து பெரிய காயம் போடும். சாலிட் விரியாது, முழுப் பித்தளையோ செம்போ, நேராக ஆழமாகப் போகும். யானைக்குச் சாலிட் மட்டுமே, அந்த மண்டை ஓட்டுக்கு வேறெதுவும் சரிப்படாது. எருமைக்கு முதல் குண்டு சாஃப்ட், ஆனால் மான் சுடுகிற சாதாரண சாஃப்ட் இல்லை. அது தோள் எலும்பில் பட்டால் உடைந்து சிதறிவிடும். ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம் போல ஈயமும் உறையும் ஒன்றோடொன்று ஒட்டிய குண்டு, இல்லாவிட்டால் பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் போல முழுச் செம்பாக இருந்தும் மூக்கு விரிகிற குண்டு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தோலுக்கடியிலிருந்து எடுத்த ஏ-ஃப்ரேம் ஒன்றை முகாமில் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்: முன்பாதி பூ மாதிரி மடிந்து கிடந்தது, பின்பாதியோ கடையில் வாங்கியபடியே இருந்தது. தராசில் போட்டால் எடை பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை.

முதல் குண்டுக்குப் பின்னால் மேகசினில் (ரைஃபிளில் தோட்டா அடுக்கும் பெட்டியில்) சாலிட் வைப்பது பழைய வழக்கம். அடிபட்ட எருமை முதுகைக் காட்டி ஓடும், பின்னாலிருந்து நெஞ்சு வரை போக ஆழம் வேண்டும், அதனால்தான். ஆனால் கூட்டத்துக்கு நடுவில் நிற்கும் எருமையைச் சாலிடால் சுட்டால் குண்டு ஊடுருவிப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும், அதற்கும் காசு உங்கள் கணக்கில்தான் ஏறும். அங்கே கூட வரும் தொழில்முறை வேட்டைக்காரர் சொல்கிறபடி வையுங்கள்.

"பெல் என்பவர் சின்ன ரைஃபிளால் ஆயிரம் யானை சுட்டாரே" என்று யாராவது கட்டாயம் ஆரம்பிப்பார்கள். உண்மைதான், பெரும்பாலானவற்றை .275 ரிக்பியால் சுட்டார், அதுவும் விரியாத குண்டால். யானையின் உடற்கூற்றைக் கரைத்துக் குடித்தவர் அவர். நீங்களும் நானும் பெல் இல்லை.

முகாமுக்குப் போன முதல் நாளே சாஃப்ட், சாலிட் இரண்டையும் ஐம்பது மீட்டரில் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். ஒரே ரைஃபிளில் இரண்டும் ஒரே இடத்தில் விழாமல் போகலாம். மேகசினை நிரப்பி, வேட்டையில் சுடுகிற வேகத்திலேயே போல்ட்டை (தோட்டாவை ஏற்றும் கைப்பிடிக் கம்பியை) இழுத்துத் தள்ளி எல்லாத் தோட்டாவும் சிக்காமல் ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஷாட்கன்காரர்களுக்குப் போல்ட்டைக் கடைசி வரை இழுக்கும் பழக்கம் இருக்காது, பாதியில் விட்டால் உள்ளே வெறும் அறைதான். மேசையில் சாய்ந்து சுடுவதைக் குறைத்து, மூன்று கால் குச்சியில் வைத்து நின்றபடி சுட்டுப் பழகுங்கள், அங்கே அப்படித்தான் சுடுவீர்கள். குறி முன்காலுக்கு நேர் மேலே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில். இதயம் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக இருக்கும். விழுந்த பிறகும் ஒன்று போடுங்கள், தோட்டாக் காசு பார்க்காதீர்கள்.

அப்புறம், இந்தப் பழக்கத்தோடு ஊருக்கு வந்து செலாடாங் (நம்ம ஊர்க் காட்டெருமை) பக்கம் கண்ணைத் திருப்பாதீர்கள். 2010 வனவிலங்குச் சட்டத்தில் அது முழுப் பாதுகாப்பில் இருக்கிறது.

திரும்பும்போது வேட்டைச் சட்டையின் ஒவ்வொரு பையையும் உதறிப் பாருங்கள், இடுப்புப் பட்டையின் தோட்டா வளையங்களையும் சேர்த்து. ஞாபகத்துக்காக ஒரே ஒரு தோட்டா என்றாலும் இங்கே 1960 ஆயுதச் சட்டப்படி அதை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம்தான், ஏழு ஆண்டு வரை சிறை. உங்கள் ஷாட்கன் லைசென்ஸைக் காட்டிக் கேஎல்ஐஏ விமான நிலையத்தில் தப்பிக்க முடியாது.