சின்ன ஸ்பீக்கர்ல கூட பேஸ் வர்ற மாதிரி கேக்குதே, அது நிஜமாவே வருதா?

கையளவு ஸ்பீக்கர்ல 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 தடவை அதிர்ற அடி சத்தம் எல்லாம் பெரும்பாலும் வராதுங்க. பேஸ்ங்கறது காத்தை நிறைய தள்ற வேலை, ஃப்ரீக்வென்சி (நொடிக்கு எத்தனை தடவை அதிருதுங்கறது) பாதியாகுறப்போ அதே அளவு சத்தம் வேணும்னா கோன், அதான் ஸ்பீக்கர்ல ஆடுற அந்த கூம்பு, நாலு மடங்கு தூரம் முன்ன பின்ன போகணும், சின்ன கோன் அதுக்கு எங்க போகும்.

அப்புறம் எப்படி கேக்குதுன்னா, மூளை பண்ற வேலை. 50 ஹெர்ட்ஸ் நோட்டு கூடவே 100, 150, 200ன்னு அதோட மடங்குகளும், அதான் ஹார்மோனிக்ஸ், வரும்ல, அந்த 50 காணாம போனாலும் மத்ததை வச்சு "இது 50தான்"னு மூளையே முடிவு கட்டிடும். நெஞ்சுல இடிக்கற ஃபீல் மட்டும் இருக்காது.

டப்பாவும் முக்கியம். கோன் முன்னாடி காத்தை அழுத்துறப்போ பின்னாடி இழுக்கும், டப்பா இல்லாம வெறும் ஸ்பீக்கரை டேபிள்ல வச்சு பாட விட்டா ரெண்டும் சுத்தி வந்து ஒன்னையொன்னு அடிச்சுக்கும், பேஸ் செத்துடும். முழுசா மூடின டப்பால பேஸ் ஆக்டேவுக்கு, அதாவது ஃப்ரீக்வென்சி பாதியாகுற ஒவ்வொரு தடவையும், 12 டெசிபல்னு (டெசிபல்ங்கறது சத்தத்தோட அளவு) நிதானமா குறையும். போர்ட், அதான் அந்த ஓட்டை, வச்சதுல காலி பாட்டில் வாய்ல ஊதுற மாதிரி ஒரு குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சில காத்து ஒத்து அதிரும், அதனால இன்னும் கொஞ்சம் கீழ வரைக்கும் போகும், ஆனா அதுக்கும் கீழ ஆக்டேவுக்கு 24 டெசிபல்னு சடார்னு விழுந்துடும்.

நிறைய பேர் "செம்ம பேஸ்"ங்கறது 100 ஹெர்ட்ஸ் பக்கம் வேணும்னே தூக்கி விட்டதுதான், எல்லா பாட்டும் ஒரே டொம் டொம்னு கேட்டா அதான் விஷயம். வால்யூம் குறைச்சா பேஸ் முதல்ல காணாம போறது காதோட குணம், அதுக்கு ஸ்பீக்கரைத் திட்டாதீங்க.