இரும்பிலிருந்து தென்னைக்கு

வணக்கம் மேடம்,

தென்னந்தண்டு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் மெட்டலர்ஜி மூன்றாம் ஆண்டு. உலோகம் படித்த நீங்கள் மரத்துக்கு எப்படி வந்தீர்கள்? எனக்கும் அந்தப் பக்கம் போக ஆசை. அதற்கு எம்எஸ்சி தாவரவியல் படிக்க வேண்டுமா? அப்பா அம்பத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்க்கிறார். "செடி கொடி படிக்கவா இவ்வளவு ஃபீஸ் கட்டினேன்?" என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

ச., பாடி

அன்புள்ள ச.,

அப்பாவிடமிருந்தே தொடங்குகிறேன். ஃபவுண்டரிக்காரர் என்பதால் இது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரே உலையிலிருந்து ஊற்றிய வார்ப்பிரும்புதான். ஆனால் மெல்லிய ஓரம் சட்டென்று ஆறிவிட்டால் அந்த இடம் வெள்ளை இரும்பாகி, டிரில் பிட்டே உடையும். தடித்த பகுதி மெதுவாக ஆறுவதால் சாம்பல் நிறமாக, கடைவதற்கு வசதியாக இருக்கும். சரக்கு ஒன்றுதான். உள்ளே கார்பன் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. தாவரங்களில் நான் படிப்பதும் இதையேதான்.

செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின், பெக்டின். முக்கியமாக இந்த நான்கை வைத்துத்தான் உருளைக்கிழங்கின் சதையும் உருவாகிறது, வைரம் பாய்ந்த பனையும் உருவாகிறது. மிக மென்மையான தாவரத் திசுவுக்கும் பனைக் குடும்பத்தின் மிக அடர்ந்த தண்டுக்கும் விறைப்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா கிப்சன் 2012இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கணக்கைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் தாவரவியல் படித்தவர் அல்ல. டொரண்டோவில் சிவில் இன்ஜினியரிங், பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். நுரை, மரம், எலும்பு எல்லாவற்றையும் ஒரே வகைக் கணக்கில் அணுகும் நூலை மைக்கேல் ஆஷ்பியோடு சேர்ந்து 1988இல் கொண்டுவந்தவர்.

என் கதை சிறியது. படிப்பு முடிந்து ஒரு வாகன உதிரிபாக ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருந்தேன். உடைந்த பாகத்தை அறுத்து, பாலிஷ் போட்டு, அமிலத்தில் தோய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது வேலை. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். வேளச்சேரியில் எங்கள் தெருவில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள் வேரோடு சாய்ந்தன. எதிர்வீட்டுத் தென்னை அன்று பகலெல்லாம் வில்லாக வளைந்து வளைந்து நிமிர்ந்தது, மறுநாளும் நின்றது. அடுத்த வருடம் வீடு கட்ட அதையே வெட்டினார்கள். அடித்தண்டில் ஒரு வில்லையைக் கேட்டு வாங்கி, எங்கள் மைக்ராஸ்கோப்பிலேயே வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் கருத்த நார்க்கற்றைகள் நெருக்கியடித்து நின்றன. நடுவே போகப் போக அவை விலகி, மென்மையான சோற்றுப்பகுதி மட்டும் மிஞ்சியது. காற்றில் வளையும் எந்தக் கம்பத்திலும் வெளிவிளிம்புதான் அதிகச் சுமை தாங்கும். அதற்காகத்தான் இரும்புத் தூலத்தை ஐ வடிவில் செய்கிறோம். தென்னையும் தன் உறுதியான சரக்கை அங்கேதான் வைத்திருந்தது.

வேம்பும் தேக்கும் வருடா வருடம் பருக்கும், நடுவில் வைரம் ஏறும். தென்னையில் அப்படிப் பருக்க வைக்கும் அடுக்கு கிடையாது. அதனால் அது வேறு வழி வைத்திருக்கிறது. தண்டுக்குள் இருக்கும் செல்கள் பல ஆண்டுகள் உயிரோடிருந்து, தங்கள் சுவரையே மேலும் மேலும் தடிப்பாக்கிக்கொள்கின்றன. உயரம் கூடக் கூட, அடிமரம் பருக்காமலே இறுகுகிறது. கூரைக்குப் பனங்கை எடுப்பவர்கள் வயதான பனையைத் தேடுவதும் இதனால்தான். தொல்காப்பியத்தின் மரபியல், புறத்தே காழ் உள்ளவற்றைப் புல் என்றும் அகத்தே காழ் உள்ளவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. காழ் என்றால் வைரம். அந்த வில்லை இழுத்துப்போன முனைவர் ஆய்வின் இரண்டாம் வருடத்தில்தான் அந்தச் சூத்திரம் என் கண்ணில் பட்டது. நான் வரைந்த அடர்த்தி வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எம்எஸ்சி தாவரவியல் வேண்டாம். மெட்டீரியல்ஸிலேயே தொடருங்கள், மேற்படிப்புக்கான கேட் நுழைவுத்தேர்வு எழுதுங்கள். ஆனால் தாவர உள்ளமைப்பைச் சொல்லித்தர ஒரு தாவரவியலாளரைத் தேடிப் பிடியுங்கள். நான் அதைத் தாமதமாகச் செய்தேன். உலோகத் துண்டு போல நினைத்து மாதிரிகளை ஓவனில் வைத்து வேகமாக உலர்த்தினேன். எல்லாம் சுருங்கி வெடித்து, மூன்று மாத வேலை போயிற்று. மரத்தில் ஈரமும் ஒரு சரக்கு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். முனைவர் பட்டத்துக்கு எனக்கு ஐந்தரை வருடம் ஆயிற்று. ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை இப்போது மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. 'தாவர ஆய்வாளர் தேவை' என்று எந்தக் கம்பெனியும் உங்களைத் தேடி விளம்பரம் போடாது. கார் கதவின் உட்பலகைக்குத் தாவர நார் சேர்ப்பவர்கள், காகிதம், பேக்கேஜிங் செய்பவர்கள் இவர்களுக்கெல்லாம் பொருளை அறுத்துச் சோதித்துக் காரணம் சொல்லும் ஆள் வேண்டும். அந்த வேலையை உங்கள் படிப்பு ஏற்கெனவே கற்றுத்தருகிறது.

இப்படித் துறை மாறுவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. பெங்களூரில் எலெக்ட்ரிகல் படிக்கச் சேர்ந்து, சி.வி. ராமனிடம் இயற்பியலுக்கு மாறிய ஜி.என். ராமச்சந்திரன்தான், 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜனின் மூன்றிழை அமைப்பைச் சொன்னார். தோலும் தசைநாரும் அதனால் ஆனவை.

அப்பாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது சா மில்லுக்குப் போய்த் தென்னையின் அடித்துண்டு ஒன்று வாங்குங்கள். ஓரத்திலிருந்து நடுவரை வரிசையாக இரண்டு சென்டிமீட்டர் கனசதுரங்களாக அறுத்து நிழலில் உலர்த்துங்கள், ஓவன் வேண்டாம். எடை நிலையான பிறகு ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதுங்கள். எடை ஏன் அப்படி மாறுகிறது என்பதற்கு அப்பா என்ன காரணம் சொல்கிறார் என்பதையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.