பூஜ் நடுக்கம், அகமதாபாத் சாவு: ஒரு கடிதம்

வணக்கம். 2001 குஜராத் (பூஜ்) நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் மட்டும் 700 பேருக்கு மேல் இறந்ததாக எழுதியிருந்தீர்கள். நடுக்கத்தின் மையம் கட்ச்சில், பச்சாவ் பக்கம். 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஊரில் எப்படி அத்தனை சாவு? சென்னையில் ஃபிளாட் வாங்க அலைந்துகொண்டிருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

மு.இரா., தாம்பரம்

அன்புள்ள மு.இரா.,

வேகமான சிறு அதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடும். மெதுவாக ஆடும் நீண்ட அலைகள் நெடுந்தூரம் போகும். சபர்மதியின் வண்டல் மண் அவற்றை இன்னும் பெருக்கிவிட்டது. அந்த ஆட்டம் ஒற்றை மாடி வீட்டை அவ்வளவாகத் தொடாது. ஐந்து மாடி, பத்து மாடிகளைத்தான் பிடித்து உலுக்கும்.

உயரமானதெல்லாம் விழுந்துவிடவும் இல்லை. விழுந்தவற்றில் பல, நாம் ஸ்டில்ட் பார்க்கிங் என்கிறோமே, அந்த வகை. மேல்தளங்களில் செங்கல் சுவர்கள் நிறைந்து விறைப்பாக இருக்கும், கீழே வெறும் தூண்கள். ஆட்டம் முழுக்கத் தூண்கள் தலையில் விடியும். தூண் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் முனையை 135 டிகிரிக்கு உள்பக்கமாக வளைக்க வேண்டும். 90 டிகிரியோடு விட்டால், கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் விரிந்துகொள்ளும், கம்பி பிதுங்கும், தூண் நசுங்கும். 1993-லேயே இந்தியத் தரக் குறியீட்டில் இது இருக்கிறது. ஆனால் 90 டிகிரி வளைப்பது சுலபம், கேட்பாரும் இல்லை.

கட்ச்சிலேயே, வட்டச் சுவரும் கூம்புக் கூரையுமாக இருக்கும் புங்கா குடிசைகள் பல விழாமல் நின்றன. மண் சாந்தில் கல் அடுக்கிய வீடுகள்தான் ஆட்களோடு சரிந்தன. அரசுக் கணக்கில் மொத்தச் சாவு 13,800. 20,000 என்று சொல்பவர்களும் உண்டு. நஷ்டம் ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய் என்று உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் மதிப்பிட்டன. அந்தத் தொகையில் ஒரு கிராமத்துக் கல்வீட்டின் பங்கு சொற்பம்தான். வீட்டுக்காரருக்கோ அதுவே மொத்தச் சொத்து.

சரி, சென்னைக்கு வருவோம். 2002-ல் நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தியபோது சென்னையை, நடுத்தர ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள். அந்த வரைபடத்தில் அகமதாபாத்தும் அதே மண்டலம்தான். ஸ்டில்ட் வீடே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். லிஃப்டைச் சுற்றியோ ஓரங்களிலோ கான்கிரீட் சுவர்கள் அஸ்திவாரம் வரை இறங்கியிருந்தால் நிலைமையே வேறு. பில்டரிடம் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் கேட்டு வாங்கி, அவரோடு சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியரிடம் காட்டுங்கள். ‘அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்?’ என்று ஆரம்பித்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.