‘ஹேவ் பீன்’ எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி: பேரணாம்பட்டில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வேலூரில் நடந்த ஓர் இன்டர்வியூவில் ‘ஐ ஆம் வொர்க்கிங் தேர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்றேன். ‘ஹேவ் பீன்’ வரணும் என்று திருத்தினார்கள். ஏன்?

பதில்: ‘அஞ்சு வருஷமா வேலை செய்யறேன்’ என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம். அதை அப்படியே மாற்றினால் ‘ஐ ஆம் வொர்க்கிங்’ தான் வரும். ஆங்கிலத்தில் அது இப்போதைய நிலையை மட்டும் சொல்லும். முன்பே தொடங்கி இன்றுவரை தொடர்கிறது என்பதை வினையே காட்டியாக வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.’

‘சின்ஸ்’ போய் ‘ஃபார்’ வந்ததைக் கவனித்தீர்களா? தொடங்கிய ஆண்டையோ நாளையோ சொன்னால் சின்ஸ். எவ்வளவு காலம் என்று சொன்னால் ஃபார். ராணிப்பேட்டை 2019-ல் தனி மாவட்டம் ஆனது. ஆன நிகழ்ச்சி முடிந்துவிட்டது, அதனால் ‘பிகேம் எ டிஸ்ட்ரிக்ட் இன் 2019’. இன்றும் மாவட்டமாக இருக்கிறது, அதனால் ‘ஹேஸ் பீன் எ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 2019’. ஒரே ஆண்டுதான், இரண்டு வினை.

இன்டர்வியூவில் இது வெறும் இலக்கணம் இல்லை. ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்றால் இன்னும் அங்கேதான் வேலை என்று புரிந்துகொள்வார்கள். வேலையை விட்டிருந்தால் ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றே சொல்லுங்கள்.

ஆபீஸில் அதிகம் குழப்புவது இன்னொன்று. ‘மேனேஜர் ஹேஸ் கான் டு ஆம்பூர்’ என்றால் ஆம்பூர் போயிருக்கிறார், சீட்டில் இல்லை. ‘ஹேஸ் பீன் டு ஆம்பூர்’ என்றால் முன்பு எப்போதோ போய்வந்திருக்கிறார். ஃபோனில் பையர் (சரக்கு வாங்குபவர்) அவரைக் கேட்கும்போது இரண்டாவதைச் சொன்னால் விஷயமே மாறிவிடும். ‘எஸ்டர்டே’ போன்ற முடிந்த நேரம் கூட வந்தால் ‘ஹேவ் பீன்’ கூடாது. ‘ஐ வென்ட் டு காட்பாடி எஸ்டர்டே’ போதும்.

உங்கள் மெயில்களில் ‘தி ஷிப்மென்ட் ஹேஸ் பீன் டிலேட்’, ‘தி இன்வாய்ஸ் ஹேஸ் பீன் சென்ட்’ என்று பார்த்திருப்பீர்கள். இது செயப்பாட்டு வினை. சரக்கு தாமதமாகியிருக்கிறது, இன்வாய்ஸ் அனுப்பப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இங்கே ‘சென்டிங்’ போட்டால் இன்வாய்ஸே எதையோ அனுப்பிக்கொண்டிருப்பதாக ஆகும்.

‘ஹேவ் பீன்’ பழகியவர்கள் ‘ஐ ஹேவ் பீன் நோயிங் டாலி’ (டாலி என்பது கணக்கு எழுதும் மென்பொருள்) என்றும் எழுதுவார்கள். அது தவறு. தெரிந்திருப்பது ஒரு நிலை; ‘நோ’ போன்ற வினைகள் பொதுவாக ‘இங்’ ஏற்காது. ‘ஐ ஹேவ் நோன் டாலி ஃபார் ஃபோர் இயர்ஸ்’ என்பதே சரி.

அப்புறம், பேச்சில் இது ‘ஐவ் பீன்’ என்று சுருங்கும். அந்த ‘வ்’ சில நேரம் காதிலேயே விழாது. அதற்காக எழுதும்போது ‘ஹேவ்’ஐ விட்டுவிடாதீர்கள்.